ஒரு முறம் தவிடு

நான் யாருடைய பெண் என்று கேட்டுக் கேட்டே அந்தத் தாலுகா ஆபீஸ் என் உயிரை எடுத்துவிட்டது. நாற்பதைத் தாண்டிவிட்டேன். காலேஜுக்குப் போகிற மகள் இருக்கிறாள். கீரை வாங்க வருகிறவர்கள் இது அரைக்கீரையா சிறுகீரையா என்று எத்தனை தடவை கேட்டாலும் பதில் சொல்லலாம், அது வியாபாரம். "நீ லட்சுமணன் பொண்ணா, கெங்கம்மா பொண்ணா?" என்று வாய்தாவுக்கு வாய்தா கேட்டால் ஒரு மனுஷி என்னதான் சொல்வாள்? லட்சுமணன் பொண்ணு என்றேன். சத்தமாகவே சொன்னேன். பியூன் வந்து, கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, சார் இருக்கார் என்றான்.

விஷயம் இதுதான். சடையங்குப்பத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு குத்தகை நிலம் இருக்கிறது. சுற்றி எல்லாப் பக்கமும் கண்டெய்னர் யார்டு வந்துவிட்டது. நடுவில் எங்கள் கீரைப் பாத்திகள் மட்டும் பச்சையாக மாட்டிக்கொண்டு நிற்கின்றன. என் நைனா லட்சுமணன் ஆயுசு முழுக்க அந்த மண்ணில்தான் குனிந்து நிமிர்ந்தார். குத்தகை அவர் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்கிறது. குத்தகைக்காரர் செத்துப்போனால், நிலத்தில் இறங்கி வேலை செய்கிற வாரிசுக்கு அந்தக் குத்தகை போகும். வாரிசே இல்லையென்றால் நிலம் நிலத்துக்காரர் கைக்குப் போய்விடும்.

போன ஐப்பசி மழையில் நைனா போனார். காரியம் முடிகிற வரைக்கும்கூட நிலத்துக்காரரின் பேரனுக்குப் பொறுக்கவில்லை. யார்டு நடத்துகிற ஆள் ஒருவனைக் கூட்டிவந்து, வரப்பில் நின்று கையை நீட்டி நீட்டி எல்லை காட்டிக்கொண்டிருந்தான். "லட்சுமணனுக்குத்தான் புள்ளைங்களே கெடையாதே" என்று என்னிடமே சொன்னான். "உன் வூட்டுக்காரரு ஓட்டுற டிரெய்லர நிறுத்தத்தாம்மா இடம் பாக்குறோம்" என்று வேறு ஒரு சிரிப்பு. என் கையில் அறுத்த தண்டுக்கீரை இருந்தது. அரிவாளும் இருந்தது. அன்றைக்கு நான் சும்மா நின்றது அவன் அப்பன் ஆத்தாள் செய்த புண்ணியம்.

என்னைப் பெற்றது கெங்கம்மா. நைனாவின் கூடப் பிறந்த தங்கை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருக்கிறாள். எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளெல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. நான் பிறந்து தீட்டுக் கழிந்ததும் என்னைக் கொண்டுவந்து அண்ணனுக்கும் அண்ணி பவுனம்மாவுக்கும் கொடுத்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆக எனக்கு நைனா லட்சுமணன், அம்மா பவுனம்மா. கெங்கம்மா நைனாவின் தங்கை என்பதால் அத்தை. இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பமெல்லாம் தாலுகா ஆபீஸுக்குத்தான்.

நிலத்தில் உழைக்கிறேனா என்ற கேள்வி முதல் வாய்தாவிலேயே முடிந்துவிட்டது. எங்கள் வி.ஏ.ஓ. என்னிடம்தான் கீரை வாங்குகிறார். நான் பாத்தியில் நிற்பதைத் தினமும் பார்க்கிறவர், பார்த்ததைச் சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டது மகள் விஷயத்தில். பிறப்புச் சான்றிதழில் கெங்கம்மா பெயர். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் நைனா பெயர். எதிர்த்தரப்பு வக்கீல், வளர்த்ததெல்லாம் தத்து ஆகாது என்றார். பெற்றவர்கள் கையால் கொடுத்திருக்க வேண்டும், தத்தெடுத்தவர்கள் கையால் வாங்கியிருக்க வேண்டும், அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டார். நைனா இல்லை, அம்மா இல்லை, அத்தை புருஷனும் இல்லை. மிச்சம் இருப்பது அத்தையின் வாய் ஒன்றுதான். என் நிலம் மொத்தமும் அந்த வாயில் போய்த் தொங்கியது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏனென்றால் அத்தையால் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்ல முடியாது. மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் வாங்கின கதையிலிருந்து ஆரம்பிப்பாள். பாசம் காட்டுவதிலும் அப்படித்தான், ஒரு அளவு கிடையாது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பை நிறைய எதையாவது சுமந்துகொண்டு வருவாள். பன்னு, கடலை உருண்டை, எனக்குக் கண்ணாடி வளையல். இந்த வயதில் எனக்கு எதற்கு வளையல் என்றால் கேட்க மாட்டாள். நானும் பழக்க தோஷத்தில் அவள் வாசலில் செருப்பை விடும்போதே "இன்னா கொண்டாந்த அத்த?" என்றுதான் கேட்பேன். அப்போது அவள் முகம் ஒரு மாதிரி ஆகும். வயசாகிவிட்டது, பை கனக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வக்கீல் நவ்ரீன். ராயபுரத்துப் பெண், சின்ன வயது, இலவச சட்ட உதவியில் கிடைத்தவள். பொறுமைக்கு ஒரு பரிசு இருந்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். அத்தையை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"அம்மா, குழந்தையைத் தூக்கிக் குடுத்தது யாரு?"

"எங்கூட்டுக்காரரு. அப்ப அவரு ஆர்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தாரு பாப்பா. கப்பல்ல கோதும வந்துச்சின்னா..."

"கோதுமை வேணாம்மா. யாரு குடுத்தா, யாரு வாங்கினா, அவ்ளோதான். ரெண்டே வார்த்தை."

"வவுறு நொந்து பெத்தத ரெண்டு வார்த்தையில எப்டி பாப்பா சொல்றது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இன்னா அத்த பேஜாரு பண்ற! அந்தப் பொண்ணு சொல்றத அப்டியே சொல்லிட்டுப் போயேன். எனக்கு நெலம் நிக்கணும்."

அத்தை என்னைப் பார்த்தாள். அப்புறம் நவ்ரீன் பக்கம் திரும்பி, "சரி, கோதும வேணாம்" என்றாள்.

விசாரணை நாள் வந்தது. தாசில்தார் ரூமில் ஃபேன் ஓடியது, காற்றுதான் வரவில்லை. அத்தை பச்சைப் புடவை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நவ்ரீன் கேட்டாள். அத்தை சொன்ன பதிலை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"எங்கூட்டுக்காரரு தூக்கிக் குடுத்தாரு. எனுக்கும் சம்மதம். எங்க அண்ணன் கையால வாங்கினாரு. அண்ணி மடியில வச்சிக்கினாங்க. அன்னிலருந்து அது அவுங்க பொண்ணு."

கோதுமை இல்லை, கப்பல் இல்லை. தாசில்தார் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எதிர் வக்கீல் ஒன்றிரண்டு கேட்டுப் பார்த்துவிட்டு, போதும் சார் என்று உட்காரப் போனார். அந்தச் சந்தோஷத்தில் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன். புரையேறிவிட்டது. இருமினேன்.

அத்தை திரும்பினாள். "தவுடு, பாத்துக் குடிமே!"

உட்காரப் போன வக்கீல் பாதியில் நின்றார்.

"தவுடா? யாரு அது?"

"அதான் சார், இதான். வூட்ல அப்டித்தான் கூப்டுவோம்."

"எழில்மொழின்னு அழகான பேரு இருக்கே. எதுக்குத் தவுடு?"

நவ்ரீன் கண்ணாலேயே கெஞ்சினாள். நான் இருமிக்கொண்டே கையை ஆட்டினேன். அத்தையோ இவ்வளவு நேரம் பூட்டி வைத்திருந்த வாயைத் திறக்க ஒரு நல்ல காரணம் கிடைத்த திருப்தியில், நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னாள்.

"தவுட்டுக்கு வித்த புள்ள சார் அது. ஒரு மொறம் தவுடு வாங்கிக்கினு எங்க அண்ணனுக்கு வித்துட்டோம்."

போச்சு. கையில் வைத்திருந்த பாட்டிலை நான் கீழே வைக்கக்கூட இல்லை, எல்லாம் போச்சு.

வக்கீல் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "சார், இதைப் பதிவு பண்ணிக்கணும். வித்துட்டோம்னு சாட்சியே சொல்றாங்க. தத்துக் கொடுக்கறதுக்குப் பதிலா எதையும் வாங்கக் கூடாதுன்னு சட்டத்துல தெளிவா இருக்கு. இது தத்து இல்ல, விற்பனை."

"ஒரு மொறம் தவுடு ஒரு வெலையா சார்?" என்று நான் எழுந்துவிட்டேன். "அதுக்கு ரெண்டு கட்டு கீரை கூட வராது!"

"உக்காரும்மா" என்றார் தாசில்தார். அத்தையைப் பார்த்து, "தவிட்டை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"எதுர் வூட்டு மாட்டுக்கு வச்சேன் சார்."

"ஆக, பெற்று உபயோகிச்சிருக்காங்க" என்றார் வக்கீல். மாடு தின்றதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டால், அத்தை என்னை விற்று மச்சு வீடு கட்டிவிட்டாள் என்று நினைப்பார்கள்.

தாசில்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்லயும் என்னைத் தவுட்டுக்கு வாங்கினதாத்தான் சொல்வாங்க. எந்த வீட்லதான் சொல்லல? பொறந்தது தங்கலைன்னா, அடுத்ததைத் தவுட்டுக்கு வித்த மாதிரி வித்து அப்புறம் எடுத்துக்குவாங்க. எமன் இது மலிவான சரக்குன்னு விட்டுட்டுப் போயிடுவான்னு ஒரு நம்பிக்கை. இதைப் போயி விற்பனைன்னு எழுத முடியுமா?"

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. வக்கீல் ஒரு நொடியில் கட்சி மாறினார்.

"கரெக்ட் சார். நீங்க சொல்றதுதான் சரி. இது விற்பனையே இல்ல, வெறும் சடங்கு. விளையாட்டு மாதிரி. தவுட்டைத் திருப்பிக் குடுத்துக் குழந்தையை வாங்கிக்கறதுதான் முறை. இல்லியாம்மா?"

"ஆமா சார்" என்றாள் அத்தை. "அதான் மொறை."

"அப்போ குழந்தை எப்பவும் உங்க குழந்தைதான். அண்ணன்கிட்டச் சும்மா பேருக்குக் குடுத்தீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என்னை விற்றுவிட்டார்கள், அதனால் நான் நைனாவின் பெண் இல்லை. இப்போது என்னை விற்கவே இல்லை, அதனாலும் நான் நைனாவின் பெண் இல்லை. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கண்டெய்னர் வந்து என் பாத்தியில்தான் உட்காருகிறது. இந்த அத்தைக்கு அந்தப் பெயரை விட்டால் வேறு பெயரே வாயில் வராதா? நைனா ஆசையாகத் தேடித் தேடி வைத்த பெயர் எழில்மொழி. அதை ஒரு தடவை சொல்லியிருந்தால் ஆகாதா?

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டு அத்தையிடம் கேட்டார். "சரி, திருப்பி வாங்கினீங்களா?"

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. நவ்ரீனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"வாங்கத்தான் போனேன் சார்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

"இதுக்குப் பால் பல்லு வியுந்துகினு இருந்த நேரம். புள்ள தங்கிடுச்சி, இனிமே ஒண்ணும் ஆவாது, கூட்டியாந்துடலாம்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. புது மொறம் வாங்கி, தவுடு ரொப்பி, மேல மஞ்சளு வச்சி எடுத்துக்கினு போனோம். அண்ணன் கீர அறுத்துகினு இருந்தாரு. மொறத்தக் கொண்டுபோயி வரப்புல வச்சேன். மொறத்தப் பாத்தாரு, எம்மூஞ்சியப் பாத்தாரு. 'எத்தினி மொறம் கொண்டாந்தாலும் குடுக்க மாட்டேன் கெங்கா, அது எம்பொண்ணு'ன்னாரு. அண்ணி இத்தத் தூக்கினு வூட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்கினாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம? எங்கண்ணன் சட்டையப் புடிச்சி இயுத்தேன் சார். பட்டன்லாம் பிச்சிக்கினு பூடுச்சி. சாயங்காலம் வரைக்கும் மொறத்தோட அந்த வாசல்லயே குந்திகினு இருந்தேன். அப்பால இதுவே கதவத் தொறந்துகினு வந்துச்சி. நேரா எங்கிட்டதான் வந்துச்சி சார். வந்து, மொறத்துல கைய வுட்டு அளைஞ்சிக்கினே, 'அத்த, எனக்கு இன்னா கொண்டாந்த?'ன்னு கேட்டுச்சி."

வெளியே ரோட்டில் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"அத்தன்னு கூப்ட்ட புள்ளைய இன்னான்னு சொல்லித் தூக்கினு வர்றது?" என்றாள் அத்தை. "தவுட்ட எங்கண்ணன் வூட்டு மாட்டுக்கே கொட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. இன்றுவரை எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் கடலை உருண்டையும் கண்ணாடி வளையலும்தான். வாசலில் அவள் செருப்பை விடும்போது நான் கேட்டதும்தான். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறேன். அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது: இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை?

நவ்ரீன் எழுந்தாள். "சார், அது விலைன்னா, திருப்பிக் கொண்டுவந்ததை லட்சுமணன் ஏன் வாங்கல? வெறும் சடங்குன்னா, குழந்தையை ஏன் திருப்பிக் குடுக்கல? அவர் தத்தெடுத்தார். அதுல உறுதியா நின்னார். பெத்தவங்களே வந்து கேட்டும் விடல. இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?"

எதிர் வக்கீல் தன் ஃபைலைப் புரட்டினார். அதில் தவிட்டைப் பற்றி ஒன்றும் இருந்திருக்காது.

தாசில்தார் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு அத்தையிடம், முன்னால் கேட்டதைவிட மெதுவாகக் கேட்டார். "கடைசியா ஒண்ணும்மா. நான் எழுதிக்கணும், அதனால கேக்கறேன். இவங்க உங்க பொண்ணா, இல்லியா?"

இதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். பத்து தடவையாவது பார்த்திருப்போம். ஒத்திகையில் அத்தை இதற்கு மட்டும் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. அப்போது அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது, வேண்டாம் சொல்லாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் நிலம் போய்விடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல சார்" என்றாள் அத்தை. "எங்க அண்ணன் பொண்ணு."

உத்தரவு அடுத்த மாதம்தான் வந்தது. எழில்மொழி, தகப்பனார் பெயர் லட்சுமணன் என்று என் பெயரில் குத்தகைப் பதிவு ஆயிற்று. மேலே அப்பீல் போவோம் என்று நிலத்துக்காரரின் பேரன் சொல்லிக்கொண்டு திரிகிறான். போகட்டும், நான் இப்போது முளைக்கீரை விதைத்திருக்கிறேன். ஆனால் முடிவு எனக்கு விசாரணை முடிந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட என்னை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அங்கே கையெழுத்து, இங்கே கையெழுத்து, மறுபடியும் அங்கே கையெழுத்து. மையை ஊதிக் காய வைத்துக்கொண்டு நவ்ரீன் சொன்னாள், தத்துப் போனால் சட்டப்படி பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும், இனிமேல் கெங்கம்மாவுக்குப் பிள்ளைகள் யாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள் என்று. அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அவளை அறைய வேண்டும்போல வந்தது.

நான் வெளியே ஓடி வந்தபோது அத்தை கேட்டைத் தாண்டிவிட்டாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். இருந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் என்ன? சொல்லாமல் கொள்ளாமல் அப்படி என்ன அவசரம்? ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன, புழுதி கண்ணை மறைத்தது.

"அம்மா!" என்று கூப்பிட்டேன்.

பூ விற்கிறவள் திரும்பினாள். ஜெராக்ஸ் கடையில் நின்ற ஒரு அம்மாள் திரும்பினாள். அத்தை திரும்பவில்லை. போய்க்கொண்டே இருந்தாள்.

"அம்மா! எம்மா, நில்லு!"

இந்தத் தடவை டிரெய்லர் டிரைவர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தான். அவள் நடை கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் நிற்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. என்ன பிடிவாதம் இது, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடுகிறேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் குறைந்தா போய்விடுவாள்?

"அத்த!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

உடனே நின்றாள். நான் மூச்சு வாங்க ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ஆபீஸ் வாசலைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற தவுடு? அவுங்க வக்கீலு அங்கயே நின்னுகினு கீறான்" என்றாள். "எனுக்குக் காதுலாம் நல்லாத்தான் கேக்குது."